டோகமக் ஓரத்துல புரோப் வச்சு அளக்கிறது: கம்பி உருகாதா, வாற எண்ணை நம்பலாமா?

கல்முனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, வந்தாறுமூலை கெம்பஸ்ல மூணாம் வருஷம் பிசிக்ஸ் செய்யிறாவாம். கேள்வி இதுதான்: டோகமக்குக்குள்ள (அயனும் இலத்திரனுமாப் பிரிஞ்ச சூடான வாயு, அதாவது பிளாஸ்மாவ, அணுக்கருச் சேர்க்கைக்காகக் காந்தப்புலத்தால பிடிச்சு வைக்கிற வளைய வடிவ இயந்திரம்) பதினைஞ்சு கோடி பாகை எண்டு சொல்றாங்க, அதுக்குள்ள ஒரு சின்னக் கம்பிய விட்டு அடர்த்தி, வெப்பநிலை எல்லாம் எடுக்கிறாங்களாம், அது உருகாதா, உருகாட்டியும் அந்த நம்பர நம்பலாமா, நம்மட இஞ்ச இருந்துகொண்டு இதப் படிக்க வழி இருக்கா? மூணும் நல்ல கேள்வி, அதுலயும் ரெண்டாவது கேள்விதான் பெரிசு, அதால அதுக்குத்தான் கூடுதலா எழுதப்போறன்.

முதல்ல பதினைஞ்சு கோடி பாகைய ஒரு பக்கம் வைங்க. அது நடுவுல. நடுவுக்குள்ள ஒருத்தரும் கம்பி விடுறதில்ல, அங்க லேசர் விட்டுச் சிதறுற ஒளிய வச்சு அளக்கிறாங்க, தொம்சன் சிதறல் எண்டு படிச்சிருப்பீங்க. புரோப் வேலை செய்யிறது ஓரத்துல. காந்தப்புலக் கோடுகள் ஒரு எல்லைக்கு உள்ளுக்க மூடிக்கொண்டு சுத்திச் சுத்தி வரும், அந்த எல்லைக்கு வெளிய உள்ள கோடுகள் போய்ச் சுவர்லயோ, இல்லாட்டி கீழ டைவேட்டர் எண்டு சொல்ற தட்டுலயோ முட்டும். அந்த வெளிப்பட்டை சில சென்டிமீட்டர்தான், அங்க வெப்பநிலை 5ல இருந்து 100 இலத்திரன்வோல்ட்டுக்குள்ள, அடர்த்தி கன மீட்டருக்கு பத்தின் அடுக்கு 18, 19 அளவுல. ஒரு இலத்திரன்வோல்ட் எண்டா கிட்டத்தட்ட 11,600 கெல்வின், அப்ப 20 இலத்திரன்வோல்ட் எண்டா ரெண்டு இலட்சத்து முப்பதாயிரம் பாகை. இதுவும் கேக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா கம்பிய உருக்கிறது வெப்பநிலை மட்டும் இல்ல, ஒரு செக்கனுக்கு எவ்வளவு சக்தி வந்து விழுகுது, எவ்வளவு நேரம் விழுகுது எண்டுறதுதான், ஓரத்துப் பிளாஸ்மா காத்த விடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல ஐதானது.

ஒருக்காக் கணக்குப் போட்டுப் பாப்பம். எல்லைக்குக் கிட்ட, அடர்த்தி பத்தின் அடுக்கு 19ன்ட மூணு மடங்கு, வெப்பநிலை 50 இலத்திரன்வோல்ட், வாயு தியூத்திரியம், அதாவது பாரமான ஐதரசன். காந்தப்புலக் கோட்டு வழியா வாற வெப்பப் பாயம் சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 60 மெகாவாட் வரும். இத கிராஃபைட் முனையில 10 மில்லிசெக்கன் விட்டா மேற்பரப்பு ஏறக்குறைய 400 பாகை ஏறும், அது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆனா அந்த ஏற்றம் நேரத்தின்ட வர்க்கமூலத்தோட போகும், அதால நேரத்த நூறு மடங்காக்கி ஒரு செக்கன் வச்சிருந்தா ஏற்றம் பத்து மடங்கு, 4000 பாகை, கிராஃபைட் உருகாது, நேரா ஆவியாப் போகும், அந்தக் காபன் பிளாஸ்மாவுக்குள்ள போய் அதையும் குளிர்விச்சுப் பழுதாக்கிடும். அதனாலதான் பெரிய இயந்திரங்கள்ல காத்தழுத்தத்தாலயோ மோட்டராலயோ ஓடுற ஒரு நீட்டுத் தண்டின்ட நுனியில புரோப்பப் பூட்டி, சடாரெண்டு உள்ளுக்க குத்தி, நூறு மில்லிசெக்கன் அளவுக்குள்ள வெளிய இழுத்துடுறாங்க. போகேக்கயும் வரேக்கயும் அளந்துகொண்டே போறதால ஒரே குத்துல ஓரம் முழுக்க வெளியில இருந்து உள்ளுக்க எப்படி மாறுதெண்டு ஒரு வளையி கிடைக்கும். முனைக்கு கிராஃபைட், தங்ஸ்தன், மொலிப்டினம் மாதிரிப் பொருள், அதச் சுத்திக் காவலியா போரன் நைட்ரைட். டைவேட்டர் தட்டுல இருக்கிறது வேற விதம், அது ஓடாது, தட்டோட சேத்துப் பதிச்சு வச்சிருப்பாங்க, தட்டு தாங்கிற வெப்பத்த அதுவும் தாங்கணும். அப்ப உங்கட முதல் கேள்விக்குப் பதில் முடிஞ்சுது, கனநேரம் விட்டா உருகும், இல்லாட்டி ஆவியாகும், அதுக்கு முந்தி எடுத்துடுறாங்க.

இனி அடுத்தது. புரோப் என்னத்த அளக்குது எண்டு கேட்டா நிறையப் பேர் அடர்த்தி, வெப்பநிலை எண்டு சொல்லுவாங்க. அது சரியில்ல தங்கச்சி. புரோப் அளக்கிறது ரெண்டே ரெண்டு சாமான், வோல்டேஜ் ஒண்டு, கரண்ட் ஒண்டு. மத்த எல்லாத்தையும் நாமதான் ஒரு கோட்பாட்ட வச்சு அதுல இருந்து எடுக்கிறம், அந்தக் கோட்பாடு எங்க நிக்கும் எங்க விழும் எண்டு தெரியாம வாற நம்பர ஒரு படத்துல போட்டா அது பாக்க வடிவா இருக்கும், ஆனா பிழையா இருக்கலாம். நான் புரோப் டேட்டா பாக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் முதல்ல சொல்றது இதத்தான்.

இந்த வழிய ஒழுங்காக் கொண்டுவந்தது இர்விங் லாங்மியூர், 1920கள்ல, அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்துல. மொட்-ஸ்மித் எண்டுறவரோட சேந்து 1926ல எழுதின கட்டுரையிலதான் இதின்ட கோட்பாடு விரிவா இருக்கு, பிளாஸ்மா எண்டுற பேரையே 1928ல வச்சதும் லாங்மியூர்தான். யோசனை நேரானது. பிளாஸ்மாவுக்குள்ள ஒரு உலோக முனைய வச்சு அதுக்குக் குடுக்கிற வோல்டேஜ மெல்ல மெல்ல மாத்தி, எவ்வளவு கரண்ட் வருது எண்டு பாருங்க. நல்லா மறைப் பக்கம் கொண்டுபோனா இலத்திரன் எல்லாம் தள்ளுப்பட்டுப் போகும், நேர் அயன் மட்டும் வந்து விழும், அதுக்கு மேல எவ்வளவு மறையாக்கினாலும் கரண்ட் பெரிசாக் கூடாது, அதுதான் அயன் நிரம்பல் கரண்ட். மறுகா வோல்டேஜக் கூட்டிக்கொண்டு வந்தா கொஞ்சம் வேகமான இலத்திரன் ஏறி வரத் தொடங்கும், ஒரு இடத்துல வாற அயனும் வாற இலத்திரனும் சமன், மொத்தக் கரண்ட் பூச்சியம், அது மிதப்பு வோல்டேஜ். அதுக்கு மேல இலத்திரன் கரண்ட் அடுக்குக்குறிச் சார்பா ஏறும், இயற்கை மடக்கை எடுத்து வரைஞ்சா ஒரு நேர்கோடு, அந்தக் கோட்டின்ட படித்திறனின்ட தலைகீழ்தான் இலத்திரன் வெப்பநிலை. ஏலெவல்ல டயோட் வளையி வரைஞ்ச பிள்ளைக்கு இது புதுசில்ல.

அடர்த்திக்கு அயன் நிரம்பல் கரண்ட்ட எடுக்கிறம். இங்க டேவிட் போம் 1949ல சொன்ன நிபந்தனை வரும். உலோகத்துக்கு முன்னால ஒரு மெல்லிய படலம் உருவாகும், ஷீத் எண்டு சொல்லுவம், அதுக்குள்ள நுழையிற நேரம் அயன் பிளாஸ்மாவின்ட ஒலிவேகத்துலயாவது போகணும். அப்ப கரண்ட் எண்டுறது அடர்த்தி, அயனின்ட மின்னேற்றம், அந்த ஒலிவேகம், முனையின்ட பரப்பு நாலையும் பெருக்கி அரைவாசி எடுத்த மாதிரி வரும். அடர்த்தி பத்தின் அடுக்கு 19, அயன் இலத்திரன் ரெண்டும் 20 இலத்திரன்வோல்ட் எண்டு வச்சா ஒலிவேகம் செக்கனுக்கு 44 கிலோமீட்டர், கரண்ட் சதுர சென்டிமீட்டருக்கு மூணரை அம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் முனையில 140 மில்லிஅம்பியர். சாதாரண மீட்டராலயும் அளக்கக்கூடிய கரண்ட், அதுதான் இந்த வழியின்ட பெரிய வசதி.

இப்ப எங்கெங்க விழும் எண்டு பாப்பம்.

மேல சொன்ன ஒலிவேகத்துல அயன் வெப்பநிலையும் இருக்கு, அத லாங்மியூர் புரோப் காட்டாது. கன பேர் அது இலத்திரன் வெப்பநிலைக்குச் சமன் எண்டு போட்டுட்டுப் போவாங்க, ஆனா ஓரத்துல அயன் சூடு இலத்திரன விட ரெண்டு மூணு மடங்காகவும் இருக்கலாம். வர்க்கமூலத்துக்குள்ள இருக்கிறதால பிழை கொஞ்சம் அடங்கிப்போகும், எண்டாலும் இருக்கும். அத அளக்க எண்டா வேற கருவி வேணும், கம்பிவலை வச்சு இலத்திரனத் தடுத்து அயன மட்டும் சக்தி பாத்துப் பிரிக்கிற பகுப்பான் ஒண்டு இருக்கு.

அடுத்தது பரப்பு. காந்தப்புலம் இல்லாத டியூப்புக்குள்ள அயன் எல்லாப் பக்கத்தாலயும் வரும், லாங்மியூர் பாத்தது அப்படித்தான். டோகமக்ல ரெண்டு மூணு டெஸ்லா புலம் இருக்கு, 2 டெஸ்லாவுல 20 இலத்திரன்வோல்ட் இலத்திரன் சுத்திற ஆரை 8 மைக்ரோன்தான், தியூத்திரியம் அயன் அரை மில்லிமீட்டர் அளவு. அப்ப எல்லாமே கோட்டு வழியாத்தான் வரும், நாம போட வேண்டிய பரப்பு முனையின்ட முழு மேற்பரப்பு இல்ல, புலத்துக்குச் செங்குத்தாத் தெரியிற நிழல் பரப்பு, அதுவும் ரெண்டு பக்கமும் சேத்து. டைவேட்டர் தட்டுல இது இன்னும் மோசம், கோடு தட்டுல ரெண்டு மூணு பாகைச் சரிவுலதான் முட்டும், தட்டோட மட்டமாப் பதிச்ச புரோப்புக்கு நிழல் பரப்பு ரொம்பச் சின்னன், முன்னுக்கு உள்ள ஷீத் சில பத்து மைக்ரோன் தடிச்சாலே பரப்பு கணிசமா மாறிடும், வோல்டேஜ இன்னும் இன்னும் மறையாக்க ஷீத் தடிக்கும், அதால நிரம்பல் கரண்ட் நிரம்பாமக் கூடிக்கொண்டே போகும். அதுக்குத்தான் சில இடங்கள்ல முனையக் கொஞ்சம் வெளிய நீட்டி வைக்கிறது, அப்ப வெப்பம் கூட விழும். ரெண்டுல ஒண்டத் தெரிவு செய்யத்தான் வேணும்.

புரோப் தானும் பிளாஸ்மாவக் குழப்பும். நம்மட வாவியில நீர் ஓடேக்க ஒரு கம்பு நட்டா ஓட்டம் போற பக்கம் கனதூரத்துக்கு ஒரு வால் விழுமே, அந்த மாதிரி புரோப்புக்கு முன்னாலயும் பின்னாலயும் கோட்டு வழியா மீட்டர் கணக்குல அடர்த்தி குறைஞ்ச ஒரு நீட்டுக் குழாய் உருவாகும். அந்த அரைவாசி எண்டுற காரணி வாறதே இதாலதான், முனைக்குக் கிட்ட அடர்த்தி உண்மையான அடர்த்தியின்ட பாதி அளவுதான். இந்தக் குழப்பத்தையே பயனாக்கலாம், ரெண்டு முனைய முதுகோட முதுகு வச்சு ஒண்டு ஒரு திசையையும் மத்தது எதிர்த் திசையையும் பாத்தா, ஓட்டம் வாற பக்கத்து முனைக்குக் கரண்ட் கூட, ரெண்டின்டயும் விகிதத்தின்ட மடக்கைய 0.4ஆல பெருக்கினா பிளாஸ்மா ஒலிவேகத்தின்ட எத்தனை பங்குல ஓடுது எண்டு வரும், மாக் புரோப் எண்டு சொல்லுவம், ஹட்சின்சன் 1980கள்ல போட்ட கணக்கு.

இப்ப நான் ஆகக் கூடுதலாக் கவலைப்படுற இடம். வெப்பநிலை. கோட்பாட்டுப்படி பாத்தா தியூத்திரியத்துல இலத்திரன் நிரம்பல் கரண்ட் அயன் கரண்ட விட 40 மடங்கு வரணும், காந்தப்புலத்துக்குள்ள அதை விட நிறையக் குறைவாத்தான் வரும், அதோட அவ்வளவு இலத்திரன இழுத்தா முனை பழுதாகும், அதால அந்தப் பக்கத்து வளையிய நம்பேலாது. ஆகவே மிதப்பு வோல்டேஜ் வரைக்கும், இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் உள்ள டேட்டாவத்தான் பொருத்துறம். மிதப்பு வோல்டேஜ் பிளாஸ்மாவின்ட வோல்டேஜுக்குக் கீழ வெப்பநிலையின்ட 2.8 மடங்குல இருக்கு. அப்ப அந்த மலைய ஏறி வரக்கூடிய இலத்திரன் எத்தனை? வாறதுல நூத்துக்கு ஆறு. மத்த தொண்ணூத்துநாலையும் புரோப் காணவே இல்ல. எல்லா இலத்திரனும் ஒரே மக்ஸ்வெல் பரம்பல்ல, அதாவது ஒரே வெப்பநிலைக்கு உரிய வேகப் பரம்பல்ல இருந்தா அந்த ஆறு போதும், ஆறும் தொண்ணூத்துநாலும் ஒரே வெப்பநிலையத்தான் சொல்லும். ஆனா மேல சூடான இடத்துல இருந்து கொஞ்ச வேகமான இலத்திரன் மோதாம இறங்கி வந்தா என்ன நடக்கும், கூட்டம் முழுக்கக் குளிர், அந்த ஆறு மட்டும் சூடு, புரோப் சூடு எண்டு சொல்லும்.

இது கற்பனை இல்ல. டைவேட்டர்ல வாயு விட்டுப் பிளாஸ்மாவக் குளிர வச்சு, தட்டுல விழுற வெப்பத்தக் குறைக்கிற நிலை ஒண்டு இருக்கு, வருங்கால உலைகளுக்கெல்லாம் அது கட்டாயம். பிரான்ஸ்ல பல நாடுகள் சேந்து கட்டுற ஈட்டர் எண்டுற பெரிய டோகமக்ல டைவேட்டர் தங்ஸ்தன், அது தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் அளவு, குளிர வைக்காட்டி அதத் தாண்டும். அந்த நிலையில தொம்சன் சிதறலும் நிறமாலையும் 1 இலத்திரன்வோல்ட் அளவு எண்டு காட்டேக்க புரோப் அதை விடப் பல மடங்கு கூடக் காட்டினது பல இயந்திரங்கள்ல கண்ட விஷயம். 5 இலத்திரன்வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா எண்டுறதுதான் அங்க முக்கியமான கேள்வி, அந்த இடத்துலதான் புரோப் தடுமாறுது. அதால குளிர்ந்த டைவேட்டர்ல புரோப் தாற வெப்பநிலைய தனிய நம்ப வேணாம், நிரம்பல் கரண்ட்ட நம்பலாம், அது நேரடியா அளந்தது, தட்டுக்கு எத்தனை அயன் வந்துது எண்டு அது சொல்லுது, அது குறையத் தொடங்கினா பிளாஸ்மா தட்ட விட்டு விலகுது எண்டு எடுக்கலாம்.

இன்னொரு சிக்கல் நேரம். ஓரத்துப் பிளாஸ்மா அமைதியா இருக்கிற சாமான் இல்ல. திடீர் திடீரெண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுத் திரள் பிய்ஞ்சு, செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர் அளவு வேகத்துல வெளிய ஓடும், புரோப்பத் தாண்ட 10 மைக்ரோசெக்கன். நிரம்பல் கரண்ட்ட மெகாஹேர்ட்ஸ்ல பதிஞ்சா கூரான முட்கள் மாதிரித் தெரியும், எல்லாம் மேல் நோக்கி. பக்கத்து நாடு இந்தியாவுல காந்திநகர்ல 1989ல தொடங்கின ஆதித்யா டோகமக்ல புரோப் வச்சு, இந்த விட்டுவிட்டு வாற கொந்தளிப்ப 1992லயே எழுதியிருக்காங்க, இந்தத் துறையில அது முன்னோடி வேலை. இப்ப பாருங்க, வோல்டேஜ ஒருக்கா ஏத்தி இறக்க அரை மில்லிசெக்கன் எடுத்தா அதுக்குள்ள பல திரள் போயிடும், வளையியின்ட ஒவ்வொரு புள்ளியும் வேற வேற பிளாஸ்மா. அப்ப வேகமா ஏத்தி இறக்கினா என்ன எண்டு கேப்பீங்க. கேபிள் விடாது. 20 மீட்டர் கேபிளுக்கு 2 நனோபரட் கொள்ளளவு இருந்தா, 200 வோல்ட்ட அரை மில்லிசெக்கன்ல ஏத்தேக்க கேபிள் தான் குடிக்கிற கரண்ட் ஒரு மில்லிஅம்பியர் கூட இல்ல, அதே 200 வோல்ட்ட 5 மைக்ரோசெக்கன்ல ஏத்தினா 80 மில்லிஅம்பியர், உங்கட சிக்னலே 140தான். பக்கத்துல அதே நீளத்துல வெறும் கேபிள் ஒண்டு ஓட்டி அதின்ட கரண்ட்டக் கழிக்கிறது ஒரு வழி, எலெக்ட்ரோனிக்ஸ் முழுக்கக் கிட்டக் கொண்டுபோறது இன்னொரு வழி.

வோல்டேஜ மாத்தவே தேவையில்லாத வழியும் உண்டு. மூணு முனை வச்சு, ரெண்டுக்கு இடையில நிலையான வோல்டேஜ் குடுத்து, மூணாவத மிதக்க விட்டா, நேர் முனைக்கும் மிதக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்த 2இன்ட இயற்கை மடக்கையால, அதாவது 0.69ஆல பிரிச்சா அந்தக் கணத்தின்ட வெப்பநிலை, சென், செக்கிகுச்சி எண்டுற ரெண்டு ஆய்வாளர்கள் 1965ல சொன்னது. நல்ல வழி, ஆனா மூணு முனையும் ஒரே பிளாஸ்மாவப் பாக்குது எண்டு எடுக்கிறம், முனைகள் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்க ஒரு சென்டிமீட்டர்த் திரள் வந்தா அது ஒண்டுக்கு முந்தியும் மத்ததுக்குப் பிந்தியும் படும். எனக்குப் பிடிச்சது ப்ராக்ல அடாமெக் எண்டுறவர் கஸ்தோர் எண்டுற டோகமக்ல 2004 அளவுல கொண்டுவந்த போல்-பென் புரோப். முனைய ஒரு காவலிக் குழாய்க்குள்ள கொஞ்சம் உள்ளுக்க இழுத்து வைக்கிறது, ஒடுக்கமாச் சுத்திற இலத்திரன் பெருசா உள்ளுக்க வராது, அகலமாச் சுத்திற அயன் வரும், ரெண்டும் கிட்டத்தட்டச் சமனாகும்போது முனை மிதக்கிற வோல்டேஜ் பிளாஸ்மா வோல்டேஜுக்கே கிட்ட வந்துடும். பக்கத்துல ஒரு சாதாரண முனைய மிதக்க விட்டு, ரெண்டையும் கழிச்சு 2.2ஆல பிரிச்சா வெப்பநிலை, கொம்பாஸ், அஸ்டெக்ஸ் அப்கிரேட் எண்டுற டோகமக்குகள்ல அந்த எண்ணப் பாவிச்சிருக்காங்க. இதின்ட கோட்பாடு இன்னும் முழுசா முடிஞ்சதில்ல, அதையும் மனசில வச்சுக்கொள்ளுங்க.

ஆக, நம்பலாமா எண்டு கேட்டா என்ட அபிப்பிராயம் இது. நிரம்பல் கரண்ட், மிதப்பு வோல்டேஜ் ரெண்டையும் நம்பலாம், அளந்தது. சூடான, இலத்திரன்கள் ஒண்டோடொண்டு போதிய அளவு மோதுற ஓரத்துல வெப்பநிலையையும், அடர்த்தியை ஒரு ரெண்டு மடங்குக்குள்ளயும் நம்பலாம். குளிர்ந்த டைவேட்டர்ல வெப்பநிலைக்கு இன்னொரு கருவியின்ட சாட்சி வேணும். ஆய்வுக்கட்டுரை வாசிக்கேக்க அடர்த்திப் படத்தப் பாக்கிறதுக்கு முந்தி, எந்தப் பரப்பப் போட்டாங்க, அயன் வெப்பநிலைக்கு என்ன வச்சாங்க, வளையிய எது வரைக்கும் பொருத்தினாங்க எண்டு தேடுங்க.

கடைசிக் கேள்வி, இஞ்ச இருந்து எப்படி. 2டி21 எண்டு ஒரு பழைய தைரட்ரோன் டியூப் (வாயு நிரப்பின மின்னணுக் குழாய்) இருக்கு, உள்ளுக்க செனன் வாயு, 6.3 வோல்ட் ஹீட்டர், பம்பும் வேணாம் வெற்றிடமும் வேணாம், உள்ளுக்க உள்ள மின்வாய் ஒண்டையே புரோப்பா எடுத்து வளையி முழுசும் வரையலாம், பழைய ரேடியோச் சாமான் விக்கிறவங்ககிட்ட ஒன்லைன்ல தேடினா கிடைக்கும். லேப்ல பொறுப்பா ஒரு சேரையோ மிஸ்ஸையோ வச்சுக்கொண்டு செய்யுங்க, அதுக்குக் குடுக்கிற வோல்டேஜ் ஷொக் அடிக்கும். அதுல காந்தப்புலம் இல்ல, அதால லாங்மியூர் சொன்னது நல்லாவே பொருந்தும், அங்க கைபழகிட்டு டோகமக்குக்கு வாங்க.

டோகமக்குக்கு எண்டா ப்ராக்ல செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கோலெம் இருக்கு. முந்திச் சொன்ன கஸ்தோர் இயந்திரமேதான், இப்ப மாணவர்களுக்கு. பெரிய ஆரை 40 சென்டிமீட்டர், சின்ன ஆரை எட்டரை, ஒரு ஷொட், அதாவது ஒருக்காப் பிளாஸ்மா உண்டாக்கி ஓட்டுறது, பத்து இருவது மில்லிசெக்கன். இன்டர்நெட்டால தூர இருந்தே ஓட்ட விடுறாங்க, ஒவ்வொரு ஷொட்டின்ட டேட்டாவும் எல்லாருக்கும் திறந்து கிடக்கு, சாதாரண முனையும் போல்-பென் முனையும் சேந்த புரோப்பும் அங்க இருக்கு. வந்தாறுமூலையில நாலஞ்சு பேர் சேந்து உங்கட டிபார்ட்மென்ட் மூலமாக் கேட்டுப் பாருங்க. அதுக்கு முந்தி பழைய ஷொட் ஒண்ட எடுத்து, பிளாஸ்மா வாறதுக்கு முந்தின நேரத்துல சிக்னல் பூச்சியத்துல நிக்குதா எண்டு பாத்து, நிக்காட்டி அதக் கழிச்சிட்டு, ரெண்டு முனையின்ட வோல்டேஜ் வித்தியாசத்தையும் அந்த இயந்திரத்துக்கு அவங்க தந்திருக்கிற எண்ணால பிரிச்சு நேரத்தோட வரைங்க, மறுகா நிரம்பல் கரண்ட் பதிஞ்ச ஷொட் ஒண்டத் தேடி அதுக்கு ஒரு மீடிறன் வரைபு போடுங்க, வலப்பக்கம் வால் நீண்டிருந்தா அது அந்தத் திரள்கள்தான். வரைஞ்சதும் ஷொட் நம்பரோட அனுப்புங்க தங்கச்சி, இருந்து பாப்பம்.